கல் கொடுத்த தீவு



தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், நம்மில் பலருக்கும் அந்தத் தூரத்துப் பச்சைதான் கண்ணில் தெரிகிறது. "இந்தத் தடவை எங்க போறீங்க?" என்று கேட்டால் புக்கெட், கிராபி, கோ சமுய் என்று தாய்லாந்துக் கடற்கரைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. போய் வரட்டும், நல்லதுதான். நாலு ஊர் பார்த்தால் நாலு விஷயம் தெரியும். ஆனால் போனவர்கள் எல்லோரும் போகிற அதே கடற்கரை, அதே கடைத்தெரு, அதே படகுச் சவாரி! ஒரு தீவுக்கு வந்தவர்களுக்காக அலங்கரித்து வைத்த முன்வாசல் ஒன்று உண்டு. உழைத்துக் களைத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கொல்லைப்புறமும் ஒன்று உண்டு. வரலாறு தேடுகிறவர்கள் கொல்லைப்புறத்துக்குத்தான் போக வேண்டும்.

அதே தாய்லாந்தையே எடுத்துக்கொள்வோமே. புக்கெட் தீவைவிட்டு வடக்கே கரையோரமாகச் சென்றால் தகுவாபா என்ற அமைதியான ஊர் வருகிறது. அந்த வட்டாரத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். கல் சிதைந்திருந்தாலும் செய்தி புரிகிறது: அங்கே ஒரு குளம் வெட்டினார்கள், அதற்கு 'அவனிநாரணம்' என்று பெயர் வைத்தார்கள், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவிடம் அதன் பாதுகாப்பை ஒப்படைத்தார்கள். அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். குளம் வெட்டியவரை 'நாங்கூர் உடையான்' என்று கல்வெட்டு குறிப்பதாகப் படித்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போய்க் குளம் தொட்ட ஒரு தமிழரின் ஊரை இன்று நாம் சொல்ல முடிகிறது. யாரோ ஒருவர் சிரமம் பார்க்காமல் அதைக் கல்லில் வெட்டி வைத்ததுதான் காரணம்.

இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

பாசிர் ரிஸ் கரையில் நின்று

பச்சை வழித்தட ரயிலில் கிழக்கே கடைசி வரை வந்தால் பாசிர் ரிஸ். 'பாசிர்' என்றால் மலாய் மொழியில் மணல். இன்று இது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெரிய நகர். 1980களுக்கு முன்னால் இங்கே கம்பத்து வீடுகளும் தென்னந்தோப்புகளும் பண்ணைகளும் இருந்தன. ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1989ஆம் ஆண்டில்தான். கடற்கரைப் பூங்காவுக்குள் 6 ஹெக்டேர் அளவில் ஒரு கண்டல் காடு இன்னும் இருக்கிறது. 1970களின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபோது அந்தக் காட்டை மட்டும் அழிக்காமல் விட்டார்கள். மரப்பாலத்தின் மேல் நடந்து, வேர்கள் மூச்சு வாங்குவதையும் சேற்று நண்டுகள் ஓடுவதையும் காசு செலவில்லாமல் பார்த்து வரலாம்.

அந்தக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். எதிரே, கொஞ்சம் கிழக்குப் பக்கமாக, தாழ்வான பச்சை மேடு ஒன்று நீளமாகப் படுத்திருக்கும். பிள்ளைகளிடம் கேட்டால், "அது மலேசியாங்க" என்று சொல்லிவிடுவார்கள். மலேசியா அதற்கும் பின்னால். முன்னால் இருப்பது நம்முடைய தீவுதான். அதன் பெயர் புலாவ் உபின்.

"அந்தத் தீவுல என்னங்க இருக்கு? கடைத்தெரு உண்டா, பெரிய ஹோட்டல் உண்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு சின்னக் கடைவீதி உண்டு. நாலு சாப்பாட்டுக் கடை, சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள், ஒரு சீனக் கோயில், கூத்துமேடை, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சிங்கப்பூரின் அடித்தளத்தில் கிடக்கிற கல்லைக் கேட்டால், அது அந்தத் தீவின் பெயரைச் சொல்லும்.

படகுத்துறை

பாசிர் ரிஸ்ஸிலிருந்து பேருந்து ஏறினால் சாங்கி வில்லேஜ் போய்ச் சேரலாம். அங்கே ஸ்ரீ ராமர் கோயில் இருக்கிறது. சாங்கியில் பிரிட்டிஷ் ராணுவம் முகாமிட்டிருந்த காலத்தில் மரத்தடியில் தொடங்கிய வழிபாடு இன்று கோயிலாக வளர்ந்து நிற்கிறது. முகாம் இருந்த இடங்களில் எல்லாம் நம்மவர்களும் வேலை செய்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. கும்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நடந்தால் படகுத்துறை.

12 பேர் சேர்ந்தால் பம்போட் கிளம்பும். அதற்கு நேர அட்டவணை கிடையாது. "இன்னும் ரெண்டு பேர் வரணும், உட்காருங்க" என்று படகுக்காரர் சைகை காட்டுவார். பத்து நிமிடப் பயணம். இறங்கியதும் முதலில் காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும். பெருநிலத்திலிருந்து மின்கம்பி அந்தத் தீவுக்குப் போகவில்லை. ஜெனரேட்டரும் சூரிய ஒளித் தகடுகளுமே விளக்கு எரிக்கின்றன.

தீவின் பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். பழைய மலாய்ப் பெயர் புலாவ் பத்து ஜூபின், அதாவது கருங்கல் தீவு. இது பிறந்ததற்கு மலாய்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். தவளை, பன்றி, யானை மூன்றும் யார் முதலில் ஜோகூர்க் கரைக்கு நீந்திப் போவது என்று பந்தயம் கட்டினவாம். போய்ச் சேராதது கல்லாகிவிடும் என்பது நிபந்தனையாம். மூன்றுமே தோற்றன. யானையும் பன்றியும் சேர்ந்து உபின் ஆயின. தவளை பக்கத்திலுள்ள செகுடு என்ற குட்டித் தீவாயிற்று. கதை கதையாக இருக்கட்டும். தீவு கல்லால் ஆனது என்பதை மக்கள் எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பதை இந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

கடலில் ஒரு விளக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சிங்கப்பூர்த் துறைமுகம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து வருகிற கப்பல்கள் கிழக்கு வாசலில் இருந்த ஒரு பாறையில் மோதி உடைந்துகொண்டிருந்தன. அந்தப் பாறைதான் பெட்ரா பிராங்கா. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டருக்கும் அப்பால், நடுக்கடலில் இருக்கிறது. அதன் மேல் கலங்கரை விளக்கம் கட்டும் பொறுப்பு அரசாங்க நில அளவையாளரான ஜான் டர்ன்புல் தாம்சனிடம் வந்தது.

அலை ஓயாமல் அடிக்கிற பாறையில் செங்கல் கட்டடம் எத்தனை நாள் நிற்கும்? கருங்கல்தான் வேண்டும் என்று தாம்சன் முடிவு செய்தார். கல் எங்கே? உபினில். சீனக் கல்தச்சர்கள் அங்கே கல்லைப் பிளந்து, செதுக்கி, அளவாக்கிப் படகில் ஏற்றினார்கள். 1850இல் அடிக்கல் நாட்டி, 1851ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விளக்கு ஏற்றினார்கள். அதுவே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம்.

அந்தக் கல் எவ்வளவு தூரம் பேசும் தெரியுமா? பெட்ரா பிராங்கா யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே வழக்கு வந்தது. ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி அது சிங்கப்பூருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அந்த விளக்கத்தைக் கட்டியதும், ஒன்றரை நூற்றாண்டு அதைப் பராமரித்து வந்ததும் வழக்கில் விரிவாகப் பேசப்பட்டன. உபினில் உளி பிடித்த அந்தச் சீனத் தொழிலாளிகள், தாங்கள் செதுக்கிய கல் ஒருநாள் உலக நீதிமன்றம் வரை பேசப்படும் என்று கனவிலும் நினைத்திருப்பார்களா?

தீவாந்தரம் வந்தவர்கள்

தமிழில் 'தீவாந்தரம்' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. கிராமத்தில் யாராவது காணாமல் போனால், "அவன் தீவாந்தரம் போயிட்டான்" என்று பாட்டிமார்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நாடுகடத்தும் தண்டனைக்கு மக்கள் வைத்த பெயர் அது. அந்தத் தீவுகளுள் ஒன்று நம் சிங்கப்பூர்.

1824இல் பிரிட்டிஷாரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கே அடைத்து வைத்திருந்த இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி முதல் கப்பல் வந்தது. அதில் வந்த 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தார்கள். பிறகு இந்தியாவிலிருந்து நேரடியாகவே கைதிகள் வரத் தொடங்கினர். 1873ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இந்த ஊர் ஒரு கைதிக் குடியிருப்பாகவும் இருந்தது.

அவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கொலையும் கொள்ளையும் செய்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் இங்கே வந்த பிறகு அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள், மரம் அறுத்தார்கள். நன்னடத்தை உள்ளவர்களை மற்றக் கைதிகளுக்கு மேற்பார்வையாளர்களாக்கும் வழக்கம் இந்த ஊரில் இருந்தது. அந்த மேற்பார்வையாளருக்கு 'டிண்டல்' என்று பதவிப்பெயர். ஆங்கிலச் சொல் மாதிரி தெரிகிறதே என்று நினைக்காதீர்கள். படகுத் தலைவனுக்கு நம் கடற்கரையில் வழங்கிய 'தண்டல்' என்ற சொல்தான் இப்படி உருமாறி வந்தது. கைதிகளை நிர்வகித்த மேஜர் மெக்நேர் என்ற அதிகாரி, கைதிகளே தங்களுக்குக் காவலர்களாக இருந்த கதையை 1899இல் ஒரு புத்தகமாகவே எழுதி வைத்தார்.

சிங்கப்பூரின் தெற்குக் கோடியில் சாத்துமு என்ற குட்டித்தீவில் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1854இல் தொடங்கி 1855இல் முடித்தார்கள். அதற்கு வேண்டிய கருங்கல்லும் உபினிலிருந்துதான் வந்தது. உபினில் அந்தக் கல்லை வெடிவைத்துப் பிளந்தவர்களும், உடைத்தவர்களும், அதைக் கொண்டுபோய் அடுக்கிக் கட்டியவர்களும் இந்தியக் கைதிகள்.

இன்றைய இயந்திரங்கள் இல்லாத காலம் அது. பாறையில் உளியையும் சம்மட்டியையும் வைத்துத் துளை போட வேண்டும். துளையில் கருமருந்தைக் கெட்டிக்க வேண்டும். திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டும். வெடித்துச் சிதறியதை ஆப்பு வைத்துப் பிளந்து, கடப்பாரையால் நெம்பிக் கடற்கரைக்கு உருட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் பேசும் மொழி தெரியாது. ஊர் திரும்புவோமா என்பதும் தெரியாது. வெயிலில் கொதிக்கிற அந்தக் கல்லின் மேல் கைவைத்துப் பார்க்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சுண்ணாம்பும் வெல்லமும்

தீவில் பழகிய அந்தக் கைகள் நகரத்திலும் ஓயவில்லை. நகர மண்டபத்துக்கு அருகே வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரு தேவாலயத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1856இல் அடிக்கல் நாட்டி, கைதிகளின் உழைப்பில் எழுப்பி, 1862இல் அர்ப்பணித்தார்கள். அந்தச் சுவரின் பளபளப்புக்குக் காரணம் 'சென்னைச் சுண்ணாம்பு' என்று மெக்நேர் எழுதுகிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டுப் பக்கம் போய் வந்தவர்கள், "அட, இது நம்ம ஊர் வீட்டுச் சுவராச்சே!" என்பார்கள். ஆமாம், அதே கைவேலைதான். இன்றைய இஸ்தானா மாளிகையும் 1867க்கும் 1869க்கும் இடையே இதே கைதிகளின் உழைப்பில் எழுந்தது.

தேக்காவுக்குப் போனால் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் பகுதியை அந்தக் காலத்தவர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று சொல்வார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்ததால் வந்த பெயர். சிராங்கூன் சாலைப் பக்கம் கைதிகள் நடத்திய செங்கல் சூளையும் இருந்தது. ஆக, கல் உபினிலிருந்து. சுண்ணாம்பும் செங்கல்லும் சிராங்கூன் சாலையிலிருந்து. உழைப்பு கடல் கடந்து வந்தவர்களிடமிருந்து. இந்த மூன்றையும் குழைத்துத்தான் பழைய சிங்கப்பூரை எழுப்பினார்கள்.

பாலமும் போரும்

20ஆம் நூற்றாண்டில் உபினின் கல்லுக்குத் தேவை இன்னும் கூடியது. ஜோகூர் பாருவுக்குப் போகும்போது நாம் கடக்கிற கடல்பாலம் 1923இல் ரயிலுக்குத் திறக்கப்பட்டு, 1924இல் முறைப்படி திறப்பு விழா கண்டது. கடலில் கொட்டி நிரப்பிய கற்களில் ஒரு பெரும் பகுதி உபின் தந்தது. மற்றது புக்கித் தீமா தந்தது. மலேசிய உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு நெரிசலில் நின்று நின்று போகிறோமே, அந்தச் சக்கரங்களுக்கு அடியிலும் உபின் கிடக்கிறது.

போரும் இந்த அமைதியான தீவை விட்டுவைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி ஜப்பானியப் படையில் ஒரு பகுதி உபினில் இறங்கியது. வடகிழக்கிலிருந்துதான் தாக்குதல் வரும் என்று பிரிட்டிஷ் தலைமை நினைத்திருந்தது. அந்த நினைப்பை உறுதிப்படுத்துவதற்காகப் போட்ட நாடகம் அது. மறுநாள் இரவு பெரும்படை வடமேற்குக் கரையில் இறங்கியது. ஒரு வாரத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது.

ஊராக இருந்த தீவு

போர் முடிந்த பிறகு உபின் நிறைவான ஊராக இருந்தது. 1970இல் 2,000 பேருக்கு மேல் அங்கே குடியிருந்தார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் கல்குவாரியிலும், ரப்பர்த் தோட்டத்திலும், தென்னந்தோப்பிலும், மீன்பிடியிலும் பிழைத்தார்கள். பின் கியாங் என்ற சீனப்பள்ளி 1952இல் தொடங்கியது. கல்வேலை குறையக் குறைய, இளையவர்கள் பெருநிலத்துக்குப் போகப் போக, வகுப்பறைகள் காலியாயின. 1985இல் பள்ளி மூடப்பட்டது. 2000இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா மலரில் இதைப் படிக்கிற நமக்கு இந்தச் செய்தி சற்று உறைக்கத்தான் வேண்டும். மணி அடித்து, பிள்ளைகள் ஓடி, பரிசு வாங்கி, பெற்றோர் கைதட்டிய இடம் அது. இன்று அங்கே புல் முளைத்திருக்கிறது.

கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. தோண்டிய குழிகளில் மழைநீர் நிறைந்து பச்சை ஏரிகளாகிவிட்டன. படகுத்துறையிலிருந்து இடது பக்கம் நடந்தால் பெக்கான் குவாரி வரும். நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சிங்கப்பூரைவிட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே மறைந்துபோன இருவாச்சிப் பறவை 1994இல் முதலில் திரும்பி வந்து இறங்கியதும் உபினில்தான். இப்போது அது பாசிர் ரிஸ் பூங்காவுக்கும் வருகிறது. பெரிய மஞ்சள் அலகை வைத்துக்கொண்டு அது கிளைக்குக் கிளை தாவுவதைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இன்று தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு, "இந்த மரம் யார் வச்சது? இந்தக் கிணறு யாருடையது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

கதை வேறு, வரலாறு வேறு

உபினில் ஒரு ஜெர்மன் பெண்ணுக்குச் சிறு கோயில் இருக்கிறது. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும், தீவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியக் குடும்பத்தைப் பிடிக்க பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்களாம். பயந்து ஓடிய மகள் பாறைக்குழியில் விழுந்து இறந்தாளாம். அவளுக்கு மக்கள் கும்பிடத் தொடங்கினார்கள். இன்று அங்கே பார்பி பொம்மையை வைத்து, முகப்பவுடரும் வாசனைத் திரவியமும் படைக்கிறார்கள்.

இது மக்கள் வாயில் வாழும் கதை. வரலாற்று மாணவர்கள் இதையும் மதிக்க வேண்டும். அதே சமயம் 'வாம்', 'ளாம்' என்ற விகுதியை மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு பெண்ணின் கதையை நூறு ஆண்டுக்கு மேலாக ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறது. கல்லுடைத்த கைதிகளுக்கு அப்படி ஒரு கதைகூட வாய்க்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் அவர்களை மேய்த்த அதிகாரிகள். தகுவாபாவில் குளம் வெட்டியவருக்குக் கல்வெட்டு கிடைத்தது. கல்லையே வெட்டியவர்களுக்குக் கல்வெட்டு கிடைக்கவில்லை.

செக் ஜாவா சொல்லும் பாடம்

படகுத்துறையிலிருந்து வலது பக்கம் சுமார் 3 கிலோமீட்டர் போனால் தீவின் கிழக்குக் கோடியில் செக் ஜாவா. 1930களில் பிரிட்டிஷ் தலைமை நில அளவையாளர் ஒருவர் கட்டிய இங்கிலாந்து பாணி வீடு அங்கே நிற்கிறது. வெயில் கொளுத்தும் நம் நாட்டில் அந்த வீட்டுக்குள் குளிர்காயும் அடுப்பு வேறு இருக்கிறது! பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டுக்கு எதிரே கடல் வற்றும் நேரத்தில், கடற்புல் மேடும், நட்சத்திர மீனும், கடல் அட்டையும், கடற்சாமந்தியும் கண்முன்னே விரியும்.

இந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்க 1992இலேயே திட்டமிட்டிருந்தார்கள். 2001ஆம் ஆண்டு இறுதியில் வேலை தொடங்குவதாக இருந்தது. அதற்குச் சற்று முன்னால் தாவரவியல் அறிந்த சிலரும், இயற்கை ஆர்வலர்களும், ஆசிரியர்களும், மாணவர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று சேற்றில் மண்டியிட்டுக் கணக்கெடுத்தார்கள், படம் பிடித்தார்கள், எழுதினார்கள், அரசாங்கத்திடம் எடுத்துச் சொன்னார்கள். செய்தி பரவி, மக்கள் ஆயிரக்கணக்கில் போய்ப் பார்த்தார்கள். அரசாங்கமும் காதுகொடுத்துக் கேட்டது. 2002ஆம் ஆண்டு ஜனவரியில், நிலத்தேவை வரும் வரை திட்டத்தைத் தள்ளிவைப்பதாக முறைப்படி அறிவித்தது. 2007இல் மக்கள் நடந்து பார்க்கப் பலகைப் பாலமும் கோபுரமும் அமைத்துத் திறந்தார்கள்.

'தள்ளிவைப்பு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? கைவிடவில்லை, தள்ளிவைத்திருக்கிறார்கள். சின்ன நாடு, நிலம் தேவை, அதுவும் உண்மைதான். நாளை முடிவெடுக்கப் போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான். ஓர் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

கரை ஒதுங்கிய தெய்வங்கள்

திரும்பி வரும்போது பாசிர் ரிஸ் பக்கத்திலுள்ள லோயாங் கோயிலையும் பார்த்துவிடுங்கள். 1980களில் லோயாங் கடற்கரையில் யாரோ விட்டுப்போன தெய்வச் சிலைகள் கிடந்தன. தாவோ, பௌத்தம், இந்து என்று எல்லாச் சமயத்துச் சிலைகளும் அவற்றில் இருந்தன. கண்டெடுத்த நண்பர்கள், "இது நம்ம சாமி, அது அவங்க சாமி" என்று பிரிக்காமல் ஒரே குடிசையில் வைத்துக் கும்பிட்டார்கள். 1996இல் தீ விபத்து நேர்ந்தும் வழிபாடு நிற்கவில்லை. 2007இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. தாப் பெக் கோங், பிள்ளையார், மலாய் தாத்தோ என்று மூவருக்கும் அங்கே இடம் உண்டு. நகரம் வேண்டாம் என்று விட்டதைக் கரை காப்பாற்றிக் கொடுத்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறையில் ஒருநாளை ஒதுக்குங்கள். தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பாசிர் ரிஸ்ஸில் இறங்கி, கண்டல் காட்டைப் பார்த்து, படகேறி, குவாரிக் கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். வெடித்துளையின் தடம் பாறையில் தெரிகிறதா என்று தேடுங்கள். கடைவீதியில் முதியவர் யாராவது ஓய்வாக உட்கார்ந்திருந்தால், வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, அந்தக் காலத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மொழி தெரியவில்லையென்றால் தெரிந்த நண்பனைக் கூட்டிப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நாளை எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். பார்த்தது, கேட்டது, தேதி, இடம், சொன்னவர் பெயர் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்த வேலைக்காக, எந்த ஆண்டு இங்கே வந்தார் என்பதையும் அதே நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டுக்குக் கல்வெட்டு அந்த ஒரு பக்கம்தான்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிற ஒவ்வொருவர் பெயரும் இந்த மலரில் அச்சாகியிருக்கிறது. மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு, பெயர் அச்சாகாமலே இந்த ஊரைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு ஒரு நாளையும் ஒரு நோட்டையும் கொடுங்கள். போய் வாருங்கள், எழுதி வாருங்கள்!